ஆமைக்கு முதுகுப் பக்கம் நில்

முதல் நாள்

பிரம்மபூரில் ரயிலை விட்டு இறங்கி, பேருந்தில் கஞ்சாம் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் ருஷிகுல்யா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பிப்ரவரி மாதம். கரையில் ஆமை ஒன்றுகூட இல்லை. மணலும் சவுக்குத் தோப்பும் படகுகளும்தான்.

ஒடிசாக் கரையில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமைகள்) கூட்டம் கூட்டமாக முட்டையிட ஏறும் இடங்கள் மூன்று: கஹிர்மாதா, தேவி ஆற்றின் முகத்துவாரம், இந்த ருஷிகுல்யா. கஹிர்மாதாவைப் பற்றி வெளியுலகத்துக்கு 1974-ல் தெரிந்தது. இந்தக் கரை 1994-ல்தான் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. கரையில் குடியிருந்தவர்களுக்கு அது எப்போதுமே தெரியும் என்பது வேறு விஷயம். கஹிர்மாதாவுக்கு நம்மைப் போன்றவர்கள் எளிதில் போக முடியாது. பக்கத்திலேயே ஏவுகணைச் சோதனைத் தளம், நம் அப்துல் கலாமின் பெயரைத் தாங்கிய தீவில். அதனால் ருஷிகுல்யா.

பங்குனியில் கரையேறுவதால் நம் கடற்கரைகளில் இதற்குப் பங்குனி ஆமை என்று பெயர் என்பார்கள். இங்கே மாசியிலேயே கூட்டம் ஏறிவிடும். ஏறாமலும் போகலாம். 2024-ல் இந்தக் கரைக்குக் கூட்டமாக வரவே இல்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், வனத்துறைக் கணக்குப்படி, கிட்டத்தட்ட 7 லட்சம்! எந்த நாளில் வரும் என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. விடுப்பு எழுதிக் கொடுக்கும்போது இதை அலுவலகத்தில் விளக்குவது கொஞ்சம் கஷ்டம்.

அந்தி சாயும் நேரத்தில் நான் பார்த்த முதல் ஆமை செத்துக் கிடந்தது. இரண்டடி நீள ஓடு, சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். கழுத்து வீங்கியிருந்தது, கண்கள் பிதுங்கியிருந்தன. உடம்பில் காயமே இல்லை. இழுவலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்தது என்றார் வனத்துறைக் காவலர். ஆமைக்கு இருப்பது நுரையீரல், செவுள் இல்லை. காற்றுக்கு மேலே வந்தே ஆகவேண்டும். நவம்பர் 1 முதல் மே 31 வரை இந்த முகத்துவாரத்தைச் சுற்றிய கடலில் மீன்பிடிக்கத் தடை உண்டு. தடை இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் இப்படி ஒதுங்குகின்றன. இரண்டு பேர் குழி வெட்டிப் புதைத்தார்கள். பயணத்தின் முதல் படமாக அதை எடுக்க மனம் வரவில்லை.

இரண்டாம் நாள்

எனக்கு வழிகாட்ட வந்தவர் அறுபதைத் தொட்ட மீனவர். இந்தப் பக்கத்து மீனவர்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். என் அரைகுறைத் தெலுங்கை வைத்து ஒப்பேற்ற முடிந்தது. நான் அவரை அன்னய்யா என்றேன், அவர் என்னைத் தம்முடு என்றார். தம்பி என்றுதான் பொருள். இரவில் கரைக்கு இறங்க வனத்துறைச் சாவடியில் பெயர் எழுதிவிட்டு, இவரோடோ காவலரோடோதான் போகலாம்.

காலையில் தடம் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். பங்குனி ஆமை வலமும் இடமும் மாற்றி மாற்றித் துடுப்புப் போட்டு நடப்பதால் குறிகள் ஒன்றுக்கொன்று நேராக விழாது, இருபுறமும் மாறி மாறி விழும். பேராமை, அதாவது பச்சைக் கடலாமை, இரண்டு துடுப்பையும் சேர்த்துப் போட்டு உடம்பை இழுக்கும், அதன் தடம் டிராக்டர் டயர் உருண்டது போல இருக்கும். ஏறிய தடம், மேலே கலைந்த மணல், இறங்கிய தடம் என்று மூன்றும் இருந்தால் முட்டை உண்டு. அந்தக் கலைந்த மணலைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். கரையில் நடப்பதென்றால் அலை நனைத்த ஈர மணலில் நட, மேட்டில் ஏறாதே என்றார். மேட்டில் எங்கே கூடு இருக்கிறது என்று நம் காலுக்குத் தெரியாது.

ராத்திரி பத்து மணிக்குமேல் இறங்கினோம். நிலா இல்லை. அரை மணி நேரம் கண்ணைப் பழக்கினால் நட்சத்திர வெளிச்சமே போதும் என்றார். எனக்கு நம்பிக்கையில்லாமல் இருந்தது, ஆனால் உண்மைதான். அலை நுரை வெள்ளைக் கோடாகத் தெரிய, அந்தக் கோட்டுக்குள் கருப்பாக ஒரு கல் முளைத்தது. கல் நகர்ந்தது. அன்னய்யா என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

இனி வருவது என் லட்சணம். ஆமை ஈர மணலைத் தாண்டியிருக்காது. எனக்கோ மணி எத்தனை என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, விரலுக்கு அதுவே பழக்கம். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியைப் பாதி எடுத்தேன். திரை எரிந்தது, ஒரு நொடிக்கும் குறைவாக. ஆமை நின்றது. தலையைத் தூக்கியது. அப்படியே வளைந்து, வந்த அவசரத்தைவிட அதிக அவசரத்தில், கடலுக்குள் போய்விட்டது.

அன்னய்யா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள்

காலையில் அந்த இடத்துக்கே என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். மணலில் ஒரு கொண்டை ஊசி. ஏறி, வளைந்து, இறங்கிய தடம், நடுவில் குழி கிடையாது.

“இது ஆமையோட தடம் இல்ல தம்முடு, உன் கையெழுத்து” என்றார்.

கடலிலிருந்து ஏறும்போதும் இடம் தேடும்போதும் குழி தோண்டும்போதும் ஆமை மிரண்டுவிடும். முட்டை விழத் தொடங்கிய பிறகு அவ்வளவு எளிதில் எழுந்து போகாது. அதனால் முதல் முட்டை விழும்வரை கிட்டே போகவே கூடாது, அதற்குப் பிறகும் முதுகுப் பக்கமாகத்தான், தாழ்ந்து. தலைப் பக்கம் போனால் அதன் கண்ணில் படுவோம். நேற்று திரும்பிய ஆமை அதே இரவிலோ அடுத்த இரவிலோ மறுபடி எங்காவது ஏறியிருக்கும் என்று அவரே சமாதானமும் சொன்னார். வயிற்றில் நூறு முட்டையோடு இன்னொரு தடவை கரையேற வைத்துவிட்டேன் என்பது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மதியம் ஓர் இளைஞர் வந்து, படகில் கொஞ்ச தூரம் போனால் ஜோடி சேரும் ஆமைகளை மிக அருகில் பார்க்கலாம், மோட்டாரை மெதுவாகவே ஓட்டுவேன் என்றார். கரைக்கு அப்பால் இந்த மாதங்களில் அவை மேல்மட்டத்தில் மிதப்பது உண்மை. மோட்டாரின் விசிறி ஆமையின் ஓட்டை வெட்டும் என்பதும் உண்மை. வேண்டாம் என்றேன். ரொம்ப நல்லவன் என்று நினைக்கவேண்டாம், முந்தைய நாளின் அவமானம் இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான்.

இதோடு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. சில வருடங்களுக்கு முன் லட்சத்தீவில் மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு நீந்தியபோது, கடற்புல் மேய்ந்துகொண்டிருந்த பேராமை ஒன்றைத் துரத்தித் துரத்திப் பார்த்தேன். அது மேலே எழும்போதெல்லாம் நான் அதற்கு நேர் மேலே இருந்தேன். பாதி தூரம் வந்து மறுபடி கீழே போனது. இரண்டு முறை. என்னைப் பார்த்து விளையாடுகிறது என்று கரையேறி எல்லோரிடமும் சொன்னேன். அது மூச்சு வாங்க வந்திருக்கிறது! சும்மா படுத்திருக்கும் ஆமை மணிக்கணக்கில் நீருக்குள் தாக்குப்பிடிக்கும். நீந்திக் களைத்ததற்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை காற்று வேண்டும். நான் அதைக் களைக்கவும் வைத்து, வாசலையும் அடைத்திருக்கிறேன். பக்கவாட்டில் தள்ளி மிதந்து, கையைக் காலை ஆட்டாமல் இருந்தால், அதுவே தன்பாட்டில் மேய்ந்துகொண்டு நம் பக்கம் வரும் என்று பின்னால்தான் தெரிந்தது.

இரவு கரையில் ஒன்றும் ஏறவில்லை.

நான்காம் நாள்

கைப்பேசி அறையில். கையில் கடிகாரமும் இல்லை.

நள்ளிரவு தாண்டியிருக்கும். முப்பது அடி தள்ளி ஒன்று ஏறியது. நாங்கள் மணலில் குப்புறக் கிடந்தோம். ஏறுகிறது, நிற்கிறது, பெருமூச்சு விடுகிறது. அந்த மூச்சு, சைக்கிள் டயரிலிருந்து காற்று இறங்குவது போல. பிறகு மணல் வீசும் சத்தம். பிறகு அதுவும் அடங்கியது. அன்னய்யா மட்டும் ஊர்ந்து போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வந்து, விரலால் என்னைக் கூப்பிட்டார்.

பின்பக்கத்திலிருந்து, இரண்டு கைநீளம் தள்ளி. அவரிடம் மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று இருந்தது, அதையும் விரல்களால் மூடி இடுக்கு வழியே குழிக்குள் மட்டும் விழும்படிப் பிடித்தார், சில விநாடிகள். குழி ஒன்றரை அடி ஆழம் இருக்கும், வாய் குறுகி அடி அகன்ற செம்பு போல. அந்தச் செம்பைத் தோண்டியது ஒரு ஜோடிப் பின்துடுப்பு, கண்ணால் பார்க்காமலே. இரண்டும் மூன்றுமாக முட்டைகள் விழுந்தன, பிசுபிசுப்போடு, டேபிள் டென்னிஸ் பந்து அளவில். விழுந்தவை உடையவில்லை. ஓடு தோல் போல மெத்தென்று இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து லேசாகக் குழிந்து, பிறகு நிமிர்ந்தன. ஒரு தடவைக்கு நூறு, நூற்றிருபது.

விளக்கு அணைந்தது. அதற்குமேல் இருட்டில்தான்.

அழுகிறதே என்று பலரும் சொல்லும் கண்ணீரைப் பார்க்க நான் முன்பக்கம் போகவில்லை. கண்ணருகே உள்ள சுரப்பி உடம்பில் சேர்ந்த உப்பைக் கரைத்து வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அது ஓயாமல் நடக்கும், கரையில் நம் கண்ணுக்குத் தெரிகிறது. பிரசவ வேதனை என்று கதை கட்டியது நாம்.

நான் எதிர்பார்க்காத ஒன்று அதன் பிறகு வந்தது. குழியை மூடிவிட்டு ஆமை ஆட ஆரம்பித்தது. உடம்பை இடப்பக்கம் தூக்கி ஓட்டின் விளிம்பால் மணலில் ஒரு குத்து, வலப்பக்கம் தூக்கி ஒரு குத்து. தொம், தொம், தொம். மணலில் வயிற்றை வைத்துப் படுத்திருந்த எனக்கு அந்த அதிர்வு விலாவில் கேட்டது. வீட்டுத் தரைக்குத் திமிசுக்கட்டை போடுவார்களே, அதேதான். பங்குனி ஆமையும் மெக்சிகோ வளைகுடாவில் உள்ள அதன் சகோதர இனமும்தான் இப்படிச் செய்கின்றன. கெட்டித்த பிறகு முன்துடுப்பால் நாலாபக்கமும் மணலை வாரி இறைத்தது, கூடு எங்கே என்று நரிக்கும் நாய்க்கும் தெரியாமலிருக்க. ஒரு துடுப்பு மணல் முழுசாக என் முகத்தில் விழுந்தது. தும்மலை அடக்க நான் பட்ட பாடு!

ஏறி இறங்க எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. படம் ஒன்றும் இல்லை, மன்னிக்கவும்.

ஐந்தாம் நாள்

மதியத்திலிருந்து தெற்குக் காற்று பலமாக வீசியது. சாவடியில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அன்னய்யா கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அலைக்கு அப்பால் சின்னச் சின்னத் தலைகள்.

இருட்டியதும் ஏற ஆரம்பித்தவை விடியும்வரை நிற்கவில்லை. ஸ்பானிய மொழியில் இதற்கு வருகை என்று பொருள்படும் ‘அரிபாதா’ என்று பெயர். கோஸ்டா ரிகாவிலும் மெக்சிகோவிலும் சில கரைகளில் நடக்கும் இதே கூத்துக்கு அங்கே வைத்த பெயர், ஆய்வாளர்கள் இங்கேயும் அதையே சொல்கிறார்கள். பார்வையாளர்களைத் தோப்பு ஓரத்தில் கயிறு கட்டிய இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பத்து நிமிடத்தில் ஏனென்று விளங்கியது. கால் வைக்க மணலே இல்லை. ஓட்டின்மேல் ஓடு உரசும் சத்தம், கூழாங்கற்களை மூட்டையோடு இழுப்பது போல. ஒன்று குழி தோண்ட, அதன் தலையில் இன்னொன்று மணலைக் கொட்டுகிறது. ஒன்று முட்டையிட, அதன் முதுகில் ஏறி மூன்றாவது போகிறது. நேற்றைக்குக் குப்புறக் கிடந்து மூச்சடக்கிப் பார்த்த அதே வேலை, இன்றைக்கு ஆயிரக்கணக்கில்.

உண்மையைச் சொன்னால், நான்காம் நாள் ஒற்றை ஆமைதான் எனக்குப் பெரிது. கூட்டத்தில் கண்ணுக்கு ஒன்றும் நிற்கவில்லை. சொன்னால் இங்கே அடிக்க வருவார்கள்.

ஆறாம் நாள்

விடிந்தும் சில நூறு ஆமைகள் கரையில் இருந்தன. முந்தி இட்ட கூட்டைப் பிந்தி வந்தவை தோண்டிப் போட்டிருந்தன, உடைந்த முட்டைகளின்மேல் காக்கைகள். இயற்கைதான், ஆனாலும் பார்க்கச் சங்கடம்.

செய்தி பரவி வண்டி வண்டியாக ஆட்கள். கயிற்றைத் தாண்டி ஒருவர் தன் பிள்ளையை ஓட்டின்மேல் உட்காரவைத்தார், மனைவி படம் எடுத்தார். காவலர் ஓடிவந்து கத்தினார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர், புலியோடு ஒரே வரிசை என்று அவர் சொன்னது அந்தக் கூச்சலில் யார் காதிலும் ஏறவில்லை. எனக்கும் கோபம் வந்தது. இரண்டாம் நாள் கொண்டை ஊசியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

மாலை ரயில்.

ஐம்பத்தோராம் நாள்

திரும்பி வருவேன் என்று நானே நினைக்கவில்லை. ஏப்ரல். பகலில் அந்த மணலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அந்தச் சூடுதான் உள்ளே ஆணா பெண்ணா என்று தீர்மானித்துக்கொண்டிருந்தது. ஆமைக்கு அது கருவில் எழுதியது அல்ல, மணலில் எழுதியது. ஏறத்தாழ 29, 30 டிகிரிக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் மிகும், கீழே இறங்கினால் ஆண். முட்டையிட்ட ஐம்பது நாளை ஒட்டிக் குஞ்சுகள் வெளிவரும். அன்னய்யா ஒரே வரியில் தொலைபேசியில் சொன்னார்: “வெளியே வருது, வா.”

கரையை ஒட்டிய வீடுகளில் வாசல் விளக்குகள் அணைந்திருந்தன. குஞ்சுக்குத் தெரிந்தது ஒன்றுதான், எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் கடல். மனிதன் பல்பு கண்டுபிடிக்கும்வரை அந்தக் கணக்கு தப்பியதில்லை. இப்போது ஊர்ப்பக்கம் நடந்து போய்க் காலையில் காய்ந்து சாகின்றன. அதனால் ஊருக்கும் மணலுக்கும் நடுவே நீளமாக வலை கட்டியிருந்தார்கள். வலையில் வந்து முட்டுபவற்றைப் பயிற்சி பெற்ற ஆட்கள் வாளியில் சேர்த்து அலையருகே விடுவார்கள். அந்த வேலை நமக்கு இல்லை. தானாகக் கடல் நோக்கிப் போகும் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய் விடுவது உதவியும் இல்லை. அந்தச் சில அடி நடையில்தான் கரையின் அடையாளம் அதற்குள் பதிகிறது என்று கருதுகிறார்கள் ஆய்வாளர்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பெண்ணாக வளர்ந்து திரும்பி வர அது வேண்டும். ஆயிரத்தில் ஒன்று அப்படி மிஞ்சினால் அதிகம் என்பார்கள்.

நாங்கள் கூடுகள் இல்லாத ஓர் ஒற்றையடிப் பாதையில் நின்றிருந்தோம். விடியற்காலை மூன்று, நாலு மணி இருக்கும். முன்னால் ஓரிடத்தில் மணல் லேசாக உள்வாங்கியது, சுழல் போல. ஒரு மூக்கு. பிறகு பால் பொங்குவது போல ஒரு கை அகலத்துக்குக் கருப்பாகக் கொதித்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எங்களுக்குப் பின்னாலும். பாதை என்று நாங்கள் நினைத்த இடத்திலும்.

“காலத் தூக்காத” என்றார் அன்னய்யா.

தூக்கவில்லை. கட்டைவிரல் நீளக் குஞ்சு ஒன்று என் குதிகாலில் முட்டி, நின்று, பாதத்தின் மேல் ஏறியது. துடுப்பு நகம் படும் அளவுக்குக்கூட எடை இல்லை, ஈரத்தாள் ஊர்வது போல. இந்தப் பக்கம் இறங்கிக் கடலைப் பார்த்துப் போனது. அடுத்தது சுற்றிக்கொண்டு போனது. கொசு கடித்தது, முழங்கால் நடுங்கியது, ஒரு கட்டத்தில் வலது கால் மரத்தே போய்விட்டது. எத்தனை நேரம் என்று தெரியாது, கடிகாரம் இல்லையே. கிழக்கு வெளுத்தது. காக்கை ஒன்று கத்தியது. கடைசியாகப் போன ஒன்றிரண்டு அலையில் புரண்டு, மறுபடி நிமிர்ந்து, மறுபடி புரண்டன.

அன்னய்யா என் கால்களைச் சுற்றிக் குனிந்து பார்த்தார். பிறகு பின்னால் வந்து பார்த்தார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு, நில்லு.”